மேல்கொம்பில் பல் தடம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கும்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. பகல் பதினொரு மணிக்கு மேல் அவர் வீட்டுப் பக்கச்சுவரில் கை வைத்தால் உள்ளேயிருந்து கும்... கும்... என்று அதிரும். பக்கத்து வீட்டு அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். அந்த வீட்டு அம்மாள் கோபத்தில் வைத்த பெயரைத் தெரு செல்லப்பெயராக எடுத்துக்கொண்டது.

அவர் பேஸ் கிட்டார் செய்பவர். சாதாரண கிட்டாரைவிடக் கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும். பாட்டில் அது இருக்கும்போது ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால்தான் எதையோ காணோமே என்று முழிப்பார்கள். வருஷத்துக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நாலு. எல்லாம் ஒற்றை ஆள் கைவேலை. மரமெல்லாம் கப்பலில் வந்தவை. வெங்கே என்று ஒரு கருப்பு மரம், அதன் சிராய் விரலில் ஏறினால் ஒரு வாரம் சீழ் வைக்கும். வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட மரம் ஒன்று. வெட்டும்போது பழுப்பாக இருந்து, நாலு நாள் வெளிச்சத்தில் வைத்தால் ஊதாவாக மாறும் மரம் ஒன்று. முன்னறை முழுக்க இவைதான் குடியிருந்தன. மனிதர்கள் பக்கவாட்டில் நடந்து போய்வந்தார்கள்.

கும்கும் இதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பின்னங்கால் கடைந்தவர். பின்னங்கால் மட்டும். முன்னங்கால் வேறொருத்தர் பொறுப்பு. தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு ஒரு வாத்தியக் குழு வந்தது. இடமில்லாமல் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்றவருக்கு வயிறு தன்பாட்டுக்கு அதிர ஆரம்பித்தது. நாற்காலிக் கால் கடைந்து இத்தனை காலத்தில் அவருக்கு வயிற்றில் எதுவுமே ஆனதில்லை. அடுத்த மாதமே, ஒதுக்கிப்போட்ட மேஜைப் பலகை ஒன்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் செய்த முதல் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்று வாசிக்க யாராலும் முடியவில்லை. அவ்வளவு கனம். பசை காய இறுக்கிவைத்த கிளாம்ப் ஒன்று நழுவி அவருடைய மேல் முன்பல் ஒன்றையும் கொண்டுபோனது.

அந்தப் பல்லுக்குக் கேப் செய்தவள்தான் மனைவி. பல் மருத்துவர்களுக்குப் பல்செட்டும் கேப்பும் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை. பக்கத்துப் பற்களின் நிறம் பார்க்க வந்தவள், ஆளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் பாதி அவளுக்கு, பாதி அவருக்கு. வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் தூள் ஒட்டும். பழுப்பாக இருந்தால் மரம், வெள்ளையாக இருந்தால் பல். உப்புத்தாள் யாருடையது என்பதில் மட்டும்தான் சண்டை வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் காது போய்விட்டது. பதினாலு மாதமாக.

வாசல் மணிதான் முதலில் போனது. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் பேச்சு. கீழ்க்கட்டைச் சத்தமெல்லாம் வயிற்றில் வந்து விழுந்துவிடும், அதில் குறையில்லை. ச, த, ப போன்ற எழுத்துகள்தான் வழியிலேயே உதிர்ந்தன. எதிரில் இருப்பவர் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் இவருக்கு "ஆ... ஈங்களா" என்று வரும். காதில் பஞ்சை மட்டும் அடைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ரம்பம் ஓட்டியதன் பலன் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மருத்துவரிடம் போனால் காதில் மிஷின் மாட்டுவார். காதில் மிஷினோடு உட்கார்ந்திருப்பவரிடம் எவன் கிட்டார் செய்யக் கொடுப்பான்? வரிசையில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒருத்தருக்குத் தெரிந்தால் ஐந்து பேரும் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே காது விஷயத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி மறைத்தார், மனைவியிடமும்.

மறைக்க அவர் கண்டுபிடித்த கருவி ஒரே ஒரு சொல். ஆமாமா. யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு சாய்ப்பு சாய்த்து "ஆமாமா" என்பார். பத்துக்கு எட்டு தடவை அது பொருந்திப்போனது. உலகத்தில் பேச்சு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பாலானவற்றுக்கு ஆமாமா போதும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. பொருந்தாத தடவைகளில் ஒன்றின் விளைவாகத்தான், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக மனைவியின் அண்ணன் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார். நாலு மாதம் ஆகிறது. மனைவியின் பேச்சும் குறைந்துபோயிருந்தது. கும்கும் அந்தப் பழியையும் தன் காதின் மேலேயே போட்டுக்கொண்டார்.

வேலை மட்டும் நிற்கவில்லை. அதற்கும் ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் இரண்டு கையும் வேலையாக இருந்தபோது, சாய்ந்த கிட்டாரை விழாமல் பல்லால் பிடித்தார். கிட்டார் உடம்பின் மேல்பக்கம் நீண்டு நிற்கும் கொம்பைத்தான். விரல் கம்பியில் பட்டது. அவ்வளவுதான், அதிர்வு பல் வழியாக எலும்பில் ஏறி, மண்டைக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி சத்தம் முழுசாக வந்தது. மேல், கீழ், கம்பியின் உரசல், மரத்தின் ஈரம், எல்லாம். கும்கும் கண்ணீர் விட்டார், கொம்பை விடாமலே. அன்றிலிருந்து ஒவ்வொரு கிட்டாரையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சோதித்தார். தடம் விழாமலிருக்க நடுவில் ஒரு துணி.

பஸ்காரம்மாவின் கிட்டாருக்குத் துணி வைக்க மறந்துபோனார்.

பஸ்காரம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவில் பேஸ் வாசிப்பவர். இன்ஜினுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் சொல்வது ஒரு எழுத்து விடாமல் கேட்டதால் கும்கும்முக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஸ்டியரிங் திருப்பித் தோள்பட்டை வலி, கனம் கூடாது என்று கேட்டிருந்தார். நடுவில் வெங்கேயும் ஊதா மரமும், இரண்டு பக்கமும் பௌலோனியா என்று பஞ்சு மாதிரி ஒரு மரம் போட்டுச் செய்தார். நகம் பட்டாலே தழும்பு விழும் மரம் அது. மேலே எண்ணெய்ப் பூச்சு மட்டும். கடைசி நாள் சோதனையில் சத்தம் அத்தனை அழகாக வந்ததில், மனிதருக்குத் துணியும் ஞாபகமில்லை, ஒன்றும் ஞாபகமில்லை.

கொண்டுபோன பத்தாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்காரம்மா சீருடையோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, இதென்ன இங்க?"

மேல்கொம்பின் நுனியில் முன்பக்கம் நாலு குழி, பின்பக்கம் மூன்று. பார்த்த கணத்தில் கும்கும்முக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போனது. காப்பாற்றியவர் மச்சான். தானியக் கிடங்கில் முப்பது வருஷம் காவல் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எலி! சந்தேகமே வேணாம். எத்தனை மூட்டைல பாத்திருக்கேன். அதுலயும் இது வயசான எலி. ஒரு பல்லு கொஞ்சம் சாஞ்சிருக்கு பாருங்க."

"ஆமாமா," என்றார் கும்கும். "எலிதான்."

"எங்க வீட்ல மூணு பூனை இருக்கு. எலி எட்டிக்கூடப் பாக்காது. இது உங்க வீட்டு எலி."

"ஆமாமா. எங்க வீட்டு எலிதான்."

"சனிக்கிழமை வரேன். சரி பண்ணி வைங்க," என்று சொல்லிவிட்டு பஸ்காரம்மா கிளம்பினார். ஈரத்துணியை மேலே வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஒற்றினால் ஆவியில் மரம் உப்பிக்கொண்டு மேலே வந்துவிடும். அரை மணி நேர வேலை. அன்று மாலையே முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மச்சான் விடவில்லை. கிட்டார் தடயம், தொடக் கூடாது என்றுவிட்டார்.

நாலு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமை முன்னறை மரங்கள் அத்தனையும் தெருவுக்கு வந்தன. வளை இருக்கிறதா என்று பார்க்கவாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்தார்கள். மாலைக்குள், கும்கும் வீட்டில் மரம் தின்னும் வெளிநாட்டு எலி இருக்கிறது, கப்பலில் பலகையோடு வந்திருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு அம்மாள் சோபாவின் நாலு காலுக்கும் பாலிதீன் பை கட்டினார். வியாழக்கிழமை மச்சான் மூலைக்கு மூலை பசை அட்டை வைத்தார். முதலில் மாட்டியது அவருடைய வலது கால்தான். அட்டையோடு டப்டப்பென்று வீடு முழுக்க நடந்து கூப்பிட்டிருக்கிறார். கும்கும்முக்குக் கேட்டால்தானே.

இதையெல்லாம் சிரித்து மழுப்பிவிடலாம். அன்று மதியம் வந்த தொலைபேசியை மழுப்ப முடியவில்லை. வரிசையில் காத்திருந்தவர்களில் ஒருத்தர் என்னவோ கேட்டார். கும்கும் ஆமாமா என்றார். இன்னும் ஏதோ கேட்டார். அதற்கும் ஆமாமா. அரை மணி கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'எலி விஷயம் கேள்விப்பட்டேன். என் ஆர்டரை ரத்து செய்யச் சம்மதித்ததற்கு நன்றி.' கும்கும் அதை மூன்று முறை படித்தார். காதை மறைக்க எலியைக் கொண்டுவந்தால், எலி ஒரு வாடிக்கையாளரைத் தின்றுவிட்டது.

மனைவி ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்தாள். எலிப் பேச்சில் அவள் இதுவரை கலந்துகொள்ளவே இல்லை. எதிலும்தான் கலந்துகொள்வதில்லையே. மச்சான் விடாமல் கிட்டாரைத் தூக்கி மேஜையில் அவள் பாதியில் வைத்தார்.

"நீதான் பல்லு வேலை பாக்கறவ. எலிக்கு என்ன வயசு இருக்கும்னு சொல்லு."

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். பார்த்தாள். கொம்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம். குனிந்த தலை நிமிர வெகு நேரம் ஆனது.

"எலிக்கு மேல முன்பல்லு ரெண்டுதான் அண்ணா. இங்க நாலு இருக்கு."

"பெரிய எலி!" என்றார் மச்சான், மரியாதையோடு.

"ஆமா. நீ கடைக்குப் போய்ப் பெரிய பொறி ஒண்ணு வாங்கிட்டு வா."

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். அவள் கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து இளஞ்சிவப்பு மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து விரலில் உருட்டிச் சூடாக்கினாள்.

"வாயைத் திறங்க."

"என்னது?"

"எலிய வாயைத் திறக்கச் சொன்னேன்!"

கும்கும் திறந்தார். கடித்தார். அவள் மெழுகை எடுத்துக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கையும் களவுமாக என்பார்களே, இவர் பல்லும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"இந்த ரெண்டாவது பல்லு நான் பண்ணது. பக்கத்துப் பல்லு சாஞ்சிருக்கேன்னு இதையும் ஒரு இழை சாய்ச்சு வெச்சேன். என் கைவேலை எனக்குத் தெரியாதா? நான் எந்த எலிக்கும் கேப் பண்ணிக் குடுக்கல."

"ஆமாமா," என்றார் கும்கும்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தபோது அவள் புருவம் ஒரு பதிலுக்குக் காத்திருந்தது.

"ஆமாமா," என்றார்.

"நான் இப்போ என்ன சொன்னேன் தெரியுமா?" அவள் ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து திறந்து சொன்னாள். "கொல்லைப்பக்கம் தீப்பிடிச்சு எரியுதுன்னு சொன்னேன்."

கும்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மென்று விழுங்க ஒன்றுமில்லை. கொட்டிவிட்டார். வாசல் மணி, ரம்பம், பல், பயம், துணியை மறந்தது எல்லாம். "வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் வரமாட்டாங்க. கிட்டார் செய்யலேன்னா நான் என்ன? மறுபடியும் பின்னங்கால்தான். யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எதையோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக நின்று, குரலை உயர்த்திக் கேட்டாள்.

"அஞ்சு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். நீங்க பின்னால நின்னீங்க. உங்களை ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"குழாய் ஓடினா எனக்கு ஒண்ணுமே..."

"என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு எப்பவாவது தோணியிருக்கான்னு கேட்டேன்."

"நான்... என்ன சொன்னேன்?"

"ஆமாமான்னீங்க. ரெண்டு தடவை. அப்புறம் டீ கேட்டீங்க."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"டீ போட்டுக் குடுத்தேன்," என்றாள் அவள். "மறுவாரமே அண்ணனை வரச் சொல்லிட்டேன். நம்ம பக்கம்னு ஒரு ஆளாவது வீட்ல இருக்கட்டும்னு." பிறகு கிட்டே வந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நிஜமாவே காது கேக்காதா?"

"நிஜமாவே."

"விளையாடலயே?"

"இல்ல. சுத்தமாப் போச்சு."

அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நல்ல வேளை!" என்றாள். கட்டின கணவனுக்குக் காது போன செய்தி கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை எங்கும் பார்க்க முடியாது. சிரித்தாள், அழுதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஐந்து மாதமாக நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள், பாவம். தன் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு இப்படி ஒரு வலி என்று தெரியாமல் ஆமாமா ஆமாமா என்று காலம் தள்ளியதை நினைத்துக் கும்கும்முக்கும் அழுகை வந்தது.

"இருங்க. மறுபடியும் கேக்கறேன். பல்லால கேக்கும்னீங்களே, கடிங்க பாப்போம்."

இந்தத் தடவை துணியை மடித்து வைத்துக்கொண்டு கடித்தார். அவள் கிட்டாரின் மறுமுனைக்குப் போய், முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதியில் தன் முகவாயை அழுத்தி வைத்துக்கொண்டு அதே கேள்வியை, அதே சொற்களில், மெதுவாகக் கேட்டாள். வெங்கே வழியாக, ஊதா மரம் வழியாக அவள் குரல் ஒரு எழுத்தும் உதிராமல் வந்து அவர் பல்லில் ஏறியது. பதினாலு மாதத்தில் அவள் குரலை முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. வாய் நிறையக் கொம்பு, ஆமாமா சொல்ல வழியே இல்லை. இல்லவே இல்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். கிட்டாரும் கூடவே ஆடியது. முகவாயில் ஒரு இடி வாங்கினாள்.

"போதும் போதும். கழுத்து உடைஞ்சிடும்," என்றாள். கிட்டாரின் கழுத்தையா அவருடைய கழுத்தையா என்று அவர் கேட்கவில்லை.

மச்சான் பெருச்சாளிப் பொறியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எலி பிடிபட்டுவிட்டது என்று தங்கை சொன்னதும் அவருக்கு முகமே சுண்டிப்போனது. எங்கே, எப்படி, எத்தனை பெரிசு என்று துளைத்தெடுத்தார். வெள்ளிக்கிழமை மூன்று பெட்டியும் கட்டப்பட்டன. பொறியையும் கையோடு கொண்டுபோனார்.

பெட்டிகள் போனபின் கும்கும் இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தம்மாகிட்டச் சொல்லாம இதை எடுக்கக் கூடாது."

"கிட்டாரே வேணாம்னு போயிட்டா? நாலு பேர்கிட்டச் சொல்லிட்டா?"

"அதுக்காக எலியக் கட்டிட்டு அழப்போறீங்களா? ஒருத்தர் ஏற்கெனவே போயாச்சு. நானும் போகப் பாத்தேன்."

அவர் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ்காரம்மா வந்தார். கிட்டார் மேஜையில் அப்படியே கிடந்தது. தடமும் அப்படியே. மனைவி தன் பாதி மேஜையில் ஒரு பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். கும்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், முன்னால் கட்டிக்கொண்டார்.

"எலி இல்லம்மா," என்றார். "நான்தான் கடிச்சேன். எனக்குக் காது கேக்காது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

பஸ்காரம்மா அவரையும் கொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "காது கேக்காமயா என் கிட்டார் நல்லா வந்திருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"காதால பாக்கல. பல்லால பாத்தேன்."

"என்னைப் பாத்தா கிண்டலா இருக்கா அண்ணே?"

பேசிப் புரியவைக்கும் விஷயம் இல்லை இது. கும்கும் சுத்தமான துணி ஒன்றை மடித்துக் கொம்பின் மேல் போட்டு நீட்டினார். பஸ்காரம்மா உட்கார்ந்தார், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார், இவரை முறைத்துக்கொண்டே கடித்தார். கட்டைவிரலால் அடிக் கம்பியை ஒரு தட்டு தட்டினார்.

முறைப்பு நின்றது. இன்னொரு தட்டு. அப்புறம் நாலு விரலும் ஓட ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டார். மேஜை அதிர்ந்தது, பல்செட் கிடுகிடுத்தது, பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது. பேருந்து, நெரிசல், தோள்வலி எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து வாயை எடுத்தபோது, துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார்.

உதடு அசைந்தது தெரிந்தது. சொல் ஒன்றும் வந்து சேரவில்லை. கிட்டார் வேண்டாம் என்கிறாரா? ஊருக்குச் சொல்வேன் என்கிறாரா? ஆமாமா நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிட்டது, தலைகூடச் சாயத் தொடங்கிவிட்டது. மனைவியின் கையில் மெருகுத் துணி நின்றுபோனதைக் கும்கும் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் தலையை நேராக்கிக்கொண்டார்.

"கேக்கல," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

பஸ்காரம்மா மூச்சை இழுத்தார், கடைசி சீட்டு வரைக்கும் போகட்டும் என்று.

"கிட்டார் நல்லாருக்குன்னு சொன்னேன் அண்ணே! பல்லுத் தடத்தை மட்டும் எடுத்துக் குடுங்க, பாக்கச் சகிக்கல!"

தெருவுக்கே கேட்டது. கும்கும்முக்கும் கேட்டது.